ஙகர வரிசை

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரையைப் பதிவு செய்யக் காலை ஒன்பது மணிக்கு வர முடியுமா என்று நிலையத்தில் கேட்டார்கள். பகல் பன்னிரண்டுக்கு மேல் வருகிறேன் என்றேன். ஏன் என்று கேட்டபோது, "காலையில் கை திறக்காது சார்" என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் அது தினமும் புழங்குகிற பேச்சு. வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை. அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "அதையே பேசுங்களேன்" என்றார். சரி, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தூங்கி எழும்போது என் விரல்கள் பத்தும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கிக் கிடக்கும். நீட்டினால் நீளாது. என் மனைவி எவர்சில்வர் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். மணிக்கட்டு முழுக இரண்டு கையையும் அதில் விட்டு உட்கார்ந்திருப்பேன். முதலில் கட்டைவிரல் அசையும். அப்புறம் சுண்டுவிரல். வலது நடுவிரல்தான் எப்போதும் கடைசி. தண்ணீர் ஆறிப்போனால் இன்னொரு தடவை மாற்றி வைப்பார். ஒரு மணி நேரம் ஆகும், சில நாள் இரண்டு மணி நேரம்கூட ஆகும். அதற்குப் பிறகுதான் சட்டைப் பொத்தான், குழாய், சோப்பு எல்லாம். காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, கும்பிடுகிற மாதிரி பிடித்துக் குடிப்பேன்.

நோயின் பெயர் முடக்கு வாதம். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று டாக்டர்கள் சொல்வார்கள். வாதம் என்று காதில் விழுந்ததுமே பலர் பக்கவாதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பக்கவாதம் மூளையின் ரத்தக்குழாயில் வருகிற கோளாறு. இது வேறு. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் நம் மூட்டுகளின் உள்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு வீங்குகிறது, நாளாக ஆகக் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. பெரும்பாலும் விரல்களின் சின்ன மூட்டுகளில், இரண்டு கையிலும் ஒரே மாதிரி தொடங்கும். வயதானவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானம் இல்லை இது. முப்பதிலும் நாற்பதிலும்கூட வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது.

இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம், என் தொழில் கையை நம்பியது. நான் விளம்பரப் பலகை எழுதுகிறவன். எனக்கு 58 வயது. ஊர் கடலூர் முதுநகர், நாங்கள் ஓ.டி. என்றுதான் சொல்வோம்.

1984-இல், 17 வயதில், திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாஸ்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வருடம் முழுக்க பிரஷ் கழுவுவது, பலகைக்கு அடிப்பூச்சு அடிப்பது, இவ்வளவுதான். அப்புறம் நூல் அடிக்கக் கற்றுக் கொடுத்தார். நூலில் நீலப்பொடி தடவி, இரண்டு பேர் இரண்டு முனையை இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டினால் பலகையில் நேர்க்கோடு விழும். அதற்கும் பிறகுதான் எழுத்து. அதிலும் அவர் முதலில் சொல்லிக் கொடுத்தது இரண்டு எழுத்துக்கு நடுவில் இருக்கிற இடத்தை. 'ட' பக்கத்தில் 'ப' வந்தால் எவ்வளவு இடம் விடுவது, அதே 'ட' பக்கத்தில் 'ழ' வந்தால் எவ்வளவு விடுவது. ஸ்கேல் வைத்துச் சமமாக அளந்து விட்டால் பார்வைக்குச் சமமாகத் தெரியாது. கண்தான் அளக்க வேண்டும். மாஸ்டர் பழைய ஆள். 1978-இல் அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த பிறகும், யாராவது பழைய வாடிக்கையாளர் கேட்டால் யானைத் தும்பிக்கை வைத்த 'லை'யை அவ்வளவு பிரியமாகப் போட்டுக் கொடுப்பார். அந்த வளைவை அவர் ஒரே மூச்சில் இழுப்பதைப் பார்க்கவே பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து நிற்பார்கள்.

தனியாகத் தொழில் தொடங்கிய பிறகு கடைப் பலகை, லாரி, கல்யாண மண்டபம், துறைமுகத்தில் படகுகள் என்று நிறைய எழுதினேன். உப்பனாற்றில் கட்டிக் கிடந்த படகுகளில் பாதி என் கையெழுத்தோடு கிடந்த காலம் ஒன்று இருந்தது. ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. "ஆர்ட்டிஸ்ட் அண்ணே" என்பார்கள். மளிகைக் கடைக் கணக்கு நோட்டில்கூட 'ஆர்ட்டிஸ்ட்' என்றுதான் எழுதியிருக்கும். அந்தப் பெயர் எனக்குச் சட்டை மாதிரி ஆகிவிட்டது. அதைக் கழற்றி வைத்தால் உள்ளே வேறு யாராவது இருக்கிறாரா என்று நான் யோசித்ததே இல்லை.

ஃப்ளெக்ஸ் வந்து பாதித் தொழிலைக் கொண்டுபோனது உங்களுக்கெல்லாம் தெரிந்த கதை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் தானே புயல் எங்கள் ஊருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது, கட்டி வைத்திருந்த ஃப்ளெக்ஸ் எல்லாம் பறந்துபோயின. பலா மரமும் முந்திரி மரமும் வேரோடு சாய்ந்து கிடந்த அந்த வாரங்களில், ஷட்டரிலும் சுவரிலும் கையால் எழுதச் சொல்லி எனக்கு வேலைக்கு மேல் வேலை வந்தது. ராத்திரி பகலாக எழுதினேன். பொங்கல் தாண்டியதும் விரல் மூட்டுகள் வீங்கின. அதிக வேலை, அதனால் வலி என்று நினைத்தேன். சிலர் இது 2006-இல் வந்த சிக்குன்குனியாவின் மிச்சம் என்றார்கள். சிலர் யூரிக் ஆசிட் என்றார்கள். நான் மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே பதினோரு மாதம் ஓட்டினேன்.

இந்தப் பதினோரு மாதத்தைப் பற்றித்தான் எனக்கு மனசு ஆறவில்லை. இந்த நோயில் ஆரம்ப மாதங்கள் மிக முக்கியம். அப்போதே சரியான மருந்தைத் தொடங்கினால் மூட்டுகளைப் பெருமளவு காப்பாற்றிவிடலாம். வலி மாத்திரை வலியை மறைக்கும், அரிப்பை நிறுத்தாது. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாருக்காவது காலையில் எழுந்ததும் விரல்கள் இறுகி, அரை மணி, ஒரு மணி நேரம் ஆகியும் இளகாமல் இருந்தால், இரண்டு கையிலும் மூட்டு வீக்கம் சில வாரங்களாக இருந்தால், தயவுசெய்து டாக்டரைப் பாருங்கள். ரத்தப் பரிசோதனை இருக்கிறது, மருந்து இருக்கிறது. முழுக்கக் குணமாகும் என்று சொல்ல முடியாது. ஆனால் கட்டுக்குள் வைக்கலாம். எனக்குக் கொடுப்பது மெத்தோட்ரெக்சேட். அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுகிற மருந்து. தினமும் போடுவது என்று தவறாக நினைத்துப் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் எங்கள் வீட்டுக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் என் மனைவி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைப்பார். மறுநாள் எனக்குக் குமட்டலும் அசதியுமாக இருக்கும். திங்கட்கிழமை நான் எதையும் ஒப்புக்கொள்வதில்லை.

உடம்புக்கு நடந்தது இவ்வளவுதான். மனசுக்கு நடந்ததைச் சொல்லத்தான் இங்கே வந்தேன்.

நோய் தெரிந்த பிறகும் இரண்டு வருடம் நான் யாரிடமும் சொல்லவில்லை. வாடிக்கையாளர் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசுவேன். மத்தியானத்துக்கு மேல் வேலை வைத்துக்கொள்வேன். வெயில் தாங்கவில்லை என்று காரணம் சொல்வேன். ஒரு நாள் படகு ஒன்றுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது 'வே' என்ற எழுத்தில் கொம்பின் சுழியில் பிரஷ் நழுவியது. துடைத்துவிட்டு மறுபடி இழுத்தேன். மறுபடியும் நழுவியது. படகுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, பேசிய காசைக் கொடுத்தார். அடுத்த வருடம் அந்தப் படகுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தபோது வேறு ஒருவர் எழுதியிருந்தார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கடலுக்குப் போகிற படகு, பெயர் தெளிவாக இருக்க வேண்டும். ஆனால் அதற்கப்புறம் நான் துறைமுகப் பக்கம் போவதை விட்டேன். என் பழைய பலகைகள் இருக்கிற தெருக்களையும் விட்டுச் சுற்றிப் போவேன். அந்த எழுத்துகளைப் பார்த்தால் செத்துப்போன ஒருத்தரின் எழுத்தைப் பார்ப்பது போல இருந்தது.

கல்யாண வீடுகளில் "இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்பார்கள். "சும்மாதான் இருக்கேன்" என்று சொல்லிச் சொல்லி, கொஞ்ச நாளில் நான் சும்மா இருக்கிற ஆள்தான் என்று நானே நம்பிவிட்டேன். "பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க" என்று வேறு சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வார்த்தை கேட்கிறவனுக்கு எப்படி விழுகிறது என்றால், உன் வலியை நீ நிரூபி என்று விழுகிறது.

வீட்டை அப்போது நடத்தியது என் மனைவியின் தையல் மிஷின். அதுவரை ஓய்ந்த நேரத்தில் அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைத்துக் கொண்டிருந்தவர், ராத்திரி பதினொரு மணி வரை தைக்க ஆரம்பித்தார். மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டு நான் படுத்திருப்பேன். அந்தச் சத்தத்தில் தூங்க முடியாது. எழுந்து உதவி செய்யவும் முடியாது. ஊசியில் நூல் கோக்கிற வேலைகூட என்னால் ஆகாது.

அந்த நாட்களில் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. மாஸ்டரிடம் இருந்தபோது, பண்ருட்டிப் பக்கம் ஒரு கோயில் சுவரில் தேவாரப் பதிகம் எழுதப் போனோம். கெடிலக் கரையில் இருக்கிற திருவதிகையில், சூலை நோயோடு வந்து அப்பர் பாடிய முதல் பதிகம். அதில் ஓர் அடியை என்னை எழுதச் சொன்னார். 'குடரோடு துடக்கி முடக்கியிட'. அதற்கடுத்து 'ஆற்றேன்' என்று வரும். எனக்கு அன்றைக்கு இருந்த கவலை எல்லாம் அடுத்தடுத்து வருகிற 'ட'க்களின் இடைவெளி மட்டும்தான். புள்ளிகள் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று பத்துத் தடவை இறங்கி இறங்கிப் பார்த்தேன். பொருளைப் படிக்கவே இல்லை. முப்பது வருடம் கழித்து, விரல் முடங்கிப் படுத்திருந்த ஒரு ராத்திரியில்தான் அது எனக்கு உறைத்தது. ஊரே கும்பிடுகிற ஒருவர், முதல் பாட்டிலேயே, என் வயிறு இப்படி முறுக்குகிறது, என்னால் தாங்க முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார். எந்த உறுப்பு, என்ன செய்கிறது என்று பெயர் சொல்லியே சொல்லியிருக்கிறார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் காலையில், முதல் தடவையாக, என் மகளிடம் போனில் "வலி தாங்க முடியலம்மா" என்றேன். அதற்கு முன்னால் எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்பதுதான் பதில். அவள் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்பதாம்ப்பா நீங்க என்கிட்ட பேசற மாதிரி இருக்கு" என்றாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரெனுவார் என்ற பிரெஞ்சு ஓவியரைப் பற்றி என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கும் இதே முடக்கு வாதம். 1919-இல் இறக்கும் வரை வரைந்துகொண்டுதான் இருந்தார். கையில் பிரஷ்ஷைக் கட்டிக்கொண்டு வரைந்தார் என்று கதை உண்டு. உண்மையில் அந்தத் துணிச்சுற்று தோல் புண்ணாகாமல் இருக்கப் போட்டது. பிரஷ்ஷைப் பக்கத்தில் இருப்பவர் அவர் கையில் எடுத்து வைப்பார். பெரிய மனிதர், எனக்கு அவர் மேல் மரியாதை இருக்கிறது. ஆனால் இந்த மாதிரிக் கதைகளை நோயாளியிடம் சொல்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 'அவரே வரைந்தார், உனக்கென்ன' என்றுதான் அது எங்கள் காதில் விழுகிறது. ஏணியில் ஏற முடியாத ஒரு ஷட்டர் ஆர்ட்டிஸ்டுக்கு அதில் வழி ஒன்றும் இல்லை. எனக்கு அந்தக் கதையில் பிடித்த ஆள், பிரஷ்ஷை எடுத்துக் கையில் வைத்தவர்.

2020 ஊரடங்கில் மகளும் பேத்தியும் எங்களோடு சில மாதம் இருந்தார்கள். பேத்திக்கு அப்போது நான்கு வயது. அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு டிராயிங் நோட்டை எடுத்தேன். பிரஷ் பிடியில் பழைய சைக்கிள் ட்யூபை அறுத்துச் சுற்றிச் சுற்றிக் கனமாக்கினேன். அது இருந்தால் விரல் முழுக்க மடங்க வேண்டியதில்லை. விரலால் இழுக்காமல் தோளால் இழுத்துப் பார்த்தேன். எட்டு அங்குல உயரத்தில் ஒரு 'அ' வந்தது. பழைய 'அ' இல்லை. கொஞ்சம் கனத்து, வயிற்றுப் பகுதி அகண்டு இருந்தது. ஆனால் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தமிழ் எழுத்து 247-ஐயும் என் கையால் எழுதிவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். ஒரு பக்கத்துக்கு ஓர் எழுத்து. கை திறந்த பிறகு, மத்தியானம் இரண்டு மணி வரை மட்டும். சில எழுத்துக்கு ஒரு நாள், சிலதுக்குப் பத்து நாள். நோய் முற்றிய வாரங்களில் ஒன்றுமே கிடையாது. முதலில் கோணலாக வந்ததை எல்லாம் கிழித்துப் போட்டேன். கிழித்ததை என் மனைவி எடுத்து, மடிப்பை நீவி, மெத்தைக்கு அடியில் வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

ககரம் முடிந்து ஙகரம் வந்தது. 'ங' எழுதினேன், 'ஙா' எழுதினேன், 'ஙி', 'ஙீ'. 'ஙௌ' எழுதிக்கொண்டிருந்தபோது பேத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தாத்தா, இது என்ன வார்த்தையில வரும்?" என்று கேட்டாள். யோசித்தேன். எந்த வார்த்தையிலும் வராது. "அப்ப எதுக்கு எழுதறீங்க?" என்றாள். குழந்தை கேட்ட கேள்விதான். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

ஆத்திசூடியில் 'ஙப் போல் வளை' என்று வரும். பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழ் ஐயா அதற்குப் பொருள் சொன்னது அன்று ராத்திரி ஞாபகம் வந்தது. ஙகர வரிசையில் 'ங' ஒன்றுதான் சொற்களில் பயன்படுகிறது. 'ஙா' முதல் 'ஙௌ' வரை உள்ள மற்றவை எதற்கும் பயன்படுவதில்லை. ஆனாலும் 'ங' அவற்றைத் தன்னோடு தழுவி வைத்துக்கொள்கிறது. அது போல நீயும் உன் சுற்றத்தைத் தழுவி நில். இதுதான் பழைய உரை.

அதை நினைத்தபோது முதலில் எனக்கு ஆறுதலாக இல்லை, வலித்தது. முப்பது வருடம் நான்தான் 'ங' என்று நினைத்திருந்தேன். இப்போது மிஷின் மிதிக்கிறவர் 'ங'. நான் அந்தப் பன்னிரண்டில் கடைசியில் நிற்கிற எழுத்து. வளைந்து கிடக்கிற விரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அதுவும் கிட்டத்தட்ட அந்த வடிவில்தான் இருந்தது.

தூக்கம் வரவில்லை. அப்போதுதான் பழைய வேலை ஒன்று நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்துப் பால்வாடிகளின் சுவர்களில் எழுத்து அட்டவணை எழுதிக் கொடுப்பேன். கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்து. நான்கு அங்குலக் கட்டம். 'அ'வுக்கும் நான்கு அங்குலம்தான், 'ஙௌ'வுக்கும் நான்கு அங்குலம்தான். அதே எனாமல், அதே அணில்முடி பிரஷ். 'ஙௌ' எந்தச் சொல்லிலும் வராதே, சின்னதாக எழுதிவிட்டுப் போகலாம் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றியதில்லை. சொல்லப்போனால் அதற்குக் கூடுதலாகவே நேரம் ஆகும். கொம்பும், நடு எழுத்தும், பின்னால் வருகிற 'ள' மாதிரி குறியும் அவ்வளவு சின்ன கட்டத்துக்குள் இடிக்காமல் நிற்க வேண்டும். அதைச் சரியாக உட்கார வைத்துவிட்டுச் சுவரிலிருந்து நாலடி பின்னால் வந்து பார்ப்பேன். வரிசையில் அந்த ஒரு கட்டம் காலியாக இருந்தால் அட்டவணை அட்டவணையாகவே இருக்காது. இதெல்லாம் அன்றைக்கே என் கைக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

மறுநாள் 'ஙௌ'வைத் திரும்ப எழுதினேன். அந்த ஓர் எழுத்துக்கு ஏழு நாள் எடுத்துக்கொண்டேன்.

இப்போது யாராவது "என்ன பண்றீங்க?" என்று கேட்டால், "முடக்கு வாதம் இருக்கு, எழுத்து எழுதிக்கிட்டிருக்கேன்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். துறைமுகத்துக்கும் போகிறேன். படகுக்கு எழுத ஒரு தம்பி இருக்கிறார், நன்றாக எழுதுகிறார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து இடைவெளி சொல்வேன். "அண்ணே, இன்னும் கொஞ்சம் தள்ளணுமா?" என்று பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்பார். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, அரை விரல் என்பேன்.

டிராயிங் நோட்டில் 200-ஐத் தாண்டிவிட்டேன். ழகர வரிசையில் நிற்கிறேன். 'ழூ', 205-ஆவது எழுத்து. கீழே போகிற சுழி இரண்டு நாளாகப் பிடி கொடுக்கவில்லை. இன்றைக்கு இந்தப் பதிவு, அதனால் நோட்டைத் தொடவில்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, மாத்திரை நாள். திங்கள் போகட்டும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கை திறந்ததும் அந்தச் சுழியை மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும்.

வணக்கம்.